டேர் போட்ட பிறகு தராசு காட்டும் எடையை நம்பலாமா? ஈரப் பெட்டியோடு சோதிப்பது எப்படி?

பாம்பன் நண்டுவலை

எங்கள் கரையில் நாட்டுப்படகு நண்டை பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத்தான் எடை போடுகிறார்கள். 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு. காலிப் பெட்டியை வைத்து பெட்டி எடையைக் கழிக்கிற டேர் பட்டனை அழுத்துவார்கள், 0.000 வரும், அப்புறம் நண்டைக் கொட்டுவார்கள். பெட்டியை முட்ட நிரப்பினால் எடை குறைவதாக எங்களுக்குச் சந்தேகம். முதலில் முழுப் பெட்டியாக நிறுத்துவிட்டு, அதே நண்டை இரண்டு பங்காகப் பிரித்து நிறுத்துக் கூட்டினால் கூடுதலாக வருகிறது. வித்தியாசம் 200 கிராமுக்கு மேல். நீலக்கால் நண்டில் 200 கிராம் என்பது சும்மா விடுகிற காசு இல்லை, அதுவும் தினமும்.

தராசில் நடப்பு முத்திரை இருக்கிறது. வெறும் தட்டில் 5 கிலோ எடைக்கல்லை வைத்தால் 5.000 என்று சரியாகவே காட்டுகிறது. அதனால் வியாபாரியிடம் கேட்டால் தராசில் குறை இல்லை என்கிறார். டேர் பட்டனில் மட்டும் கோளாறு இருக்க முடியுமா? அதைத் தனியாக எப்படிச் சோதிப்பது?

ஏர்வாடி அலை

டேரில்தான் விளையாடுவார்கள் அண்ணே. பெட்டி 2 கிலோ என்றால் 2.300 கழிக்கிற மாதிரி செட் பண்ணி வைத்திருப்பார்கள். நேராகப் புகார் கொடுத்துவிடுங்கள்.

தராசு பழுது, ராமநாதபுரம்

புகார் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். டேர் போட்டு எடையெல்லாம் முடிந்ததும், பெட்டியைத் தட்டிலிருந்து முழுசாகத் தூக்குங்கள். எதையும் அழுத்த வேண்டாம். திரையில் கழித்தல் குறியோடு ஒரு எண் வரும். அதுதான் அந்தத் தராசு பெட்டிக்காகக் கழித்த எடை. பிறகு தராசை அணைத்துப் போட்டு, ஜீரோ வந்ததும் அதே பெட்டியைச் சும்மா வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் கூடுதலாக எதையும் கழிக்கவில்லை. தம்பி சொல்கிற தில்லுமுல்லு நடந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. பங்கு பிரித்தால் கூடுகிறது, சேர்த்தால் குறைகிறது என்கிறீர்கள். பெட்டியின் எடையை அதிகமாகக் கழிக்கிற தராசு என்றால், இரண்டு முறை நிறுக்கும்போது இரண்டு முறை கழிக்கும், கூட்டுத்தொகை இன்னும் குறையும். உங்களுக்கு நேர்மாறாக வருகிறது. கோளாறு மேல் எடையில் இருக்கிறது.

வெறும் தட்டில் 5 கிலோ சரியாக வருவது வெறும் தட்டில் 5 கிலோ சரி என்பதை மட்டுமே சொல்கிறது. பெட்டியோடு நீங்கள் வேலை செய்வது 20 கிலோவுக்கு மேலே. அந்த இடத்தை யாரும் சோதிக்கவில்லை.

தொண்டி இயற்பியல்

மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி. நீர் சொட்டுவதால் வந்த வித்தியாசமாகவும் இருக்க முடியாது. முழுப் பெட்டியை முதலில் நிறுத்து, பிறகு பிரித்திருக்கிறீர்கள். இடையில் நண்டிலிருந்து நீர் வடிந்தால் இரண்டாவது கூட்டுத்தொகை குறைய வேண்டும், கூடக் கூடாது.

டேர் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டுக்கு அடியில் லோட் செல் என்ற உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டைகளின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் எண்ணாக மாற்றுகிறது. டேரை அழுத்தும்போது அந்த நேரத்து எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு வருவதிலிருந்து கழிக்கிறது. பழைய தராசில் பெட்டிக்கு ஈடாக மறுதட்டில் கல் வைத்து, தடைகட்டி எடை போட்ட அதே வேலைதான். கழித்தலில் தப்பு வராது. ஆனால் லோட் செல் எல்லா இடத்திலும் ஒரே சீராக வளைய வேண்டும். 0 முதல் 2 கிலோ வரை எப்படி வளைகிறதோ, 22 முதல் 24 கிலோ வரையிலும் அப்படியே வளைந்தால்தான் டேருக்குப் பிறகு வரும் நிகர எடை சரியாக இருக்கும். டேர் போடுவது என்றால் அளவுகோலின் வேறொரு பகுதியிலிருந்து அளக்கத் தொடங்குவது. கோல் நடுவில் கோணியிருந்தால் தொடக்கத்தை எங்கே வைத்தாலும் அந்த இடம் கெடும்.

எடைத் தராசுகளுக்கான உலகப் பரிந்துரையான ஓஐஎம்எல் ஆர் 76, அனுமதிக்கப்பட்ட பிழை வரம்பு டேர் போட்ட பிறகு வரும் நிகர எடைக்கும் அப்படியே பொருந்தும் என்கிறது. எந்த எடையுள்ள பெட்டியை டேர் போட்டாலும் இதுதான் விதி. தராசுக்காரர் "டேர் போட்டால் கொஞ்சம் முன்பின் இருக்கும்" என்று சொல்ல இடமே இல்லை.

பாம்பன் நண்டுவலை

சார், வரம்பு என்றால் எவ்வளவு? தராசுத் தகட்டில் மேக்ஸ் (அதிகபட்சம்) 30 கிலோ, மின் (குறைந்தபட்சம்) 100 கிராம், ஈ = 5 கிராம் என்று போட்டிருக்கிறது.

தொண்டி இயற்பியல்

கடை வியாபாரத்துக்கான மூன்றாம் வகுப்புத் தராசு. ஈ என்பது திரையில் எண் ஒவ்வொரு தடவை நகரும் படி, உங்களுக்கு 5 கிராம். முத்திரையிடும்போது 2.5 கிலோ வரை 2.5 கிராம், அதற்கு மேல் 10 கிலோ வரை 5 கிராம், அதற்கும் மேல் 30 கிலோ வரை 7.5 கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் தராசுக்கு இதில் இரு மடங்கு. எப்படிப் பார்த்தாலும் 15 கிராமைத் தாண்டக் கூடாது. நீங்கள் 200 கிராம் என்கிறீர்கள்.

டேர் பட்டன் அழுத்தியதும் வரும் பூஜ்யமும் ஈயில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும், உங்கள் தராசில் 1.25 கிராம். திரையில் தெரியும் எண்ணையே வைத்துக் கழிக்கும் மட்டமான தராசில்கூட இதனால் இரண்டரை கிராம்தான் தவறும். ஆகவே டேர் பட்டனைச் சந்தேகப்படுவதை விட்டுவிடலாம்.

தராசு பழுது, ராமநாதபுரம்

சோதனையைச் சொல்கிறேன். முத்திரை எடைக்கல் நிறைய தேவையில்லை. எடை தெரியாத ஒரு பொட்டலம் போதும்.

2 கிலோ அளவுக்குக் கல்லுப்போ மணலோ காய்ந்ததாக எடுத்து, பாலித்தீன் பையில் இரண்டு சுற்று இறுகக் கட்டுங்கள். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, வெளியே இருக்கும் ஈரம் உள்ளே போகக் கூடாது. அதன் உண்மையான எடை 1.980 ஆனாலும் 2.040 ஆனாலும் பரவாயில்லை. முதலில் வெறும் தட்டில் வைத்து எண்ணைக் குறியுங்கள். பிறகு காலிப் பெட்டியை வைத்து டேர் போட்டு, பொட்டலத்தைப் பெட்டிக்குள் வையுங்கள். பொட்டலத்தை எடுத்துவிட்டுப் பெட்டியில் 10 கிலோ சரக்கு போடுங்கள், மறுபடி டேர், மறுபடி பொட்டலம். இப்படி ஏறிக்கொண்டே போய், நீங்கள் வழக்கமாக நிறுக்கிற முழுப் பெட்டி வரை பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் பொட்டலம் ஒரே எடையைக் காட்ட வேண்டும். ஒரு எண் தள்ளி, 5 கிராம் கூடக் குறைய வந்தால் கவலைப்படாதீர்கள்.

பாரத்துக்குச் சொட்டுகிற சரக்கு வேண்டாம், தண்ணீர் நிரப்பி மூடிய கேன்கள் வையுங்கள். பொட்டலத்தை எப்போதும் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் தட்டின் மூலைப் பிழையும் சேர்ந்துகொள்ளும், அது வேறு சோதனை. காற்று கொஞ்சம் அடங்கிய நேரம் பாருங்கள். பாம்பனில் அது எப்போது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கீழக்கரை கருவாட்டுக்கடை

வாங்குகிறவன் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். தராசு குறைவாகக் காட்டுவதில் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், அன்றைக்கு லாபம்தான். ஆனால் கம்பெனியில் மறு எடை போடும்போது கணக்கு கூடுதலாக வந்தால், எங்கள் தராசும் எங்கள் பெயரும் சேர்ந்து கெடும். அதனால் இந்தச் சோதனையை வியாபாரியைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் கண்ணால் பார்த்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

எங்கள் கடையில் வேறு சிக்கல். நெத்திலிக் கருவாட்டை ஓலைப் பெட்டியில் கொண்டு வருகிறார்கள். காலையில் ஈரக் காற்றில் ஒரு எடை, வெயில் ஏறினால் இன்னொரு எடை. ஒரு பெட்டியை டேர் போட்டுவிட்டு அதே கழிவில் பத்துப் பெட்டி நிறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பெட்டியும் ஒரே எடையா என்ன?

மண்டபம் பாசி

கருவாட்டுக்கடைக் காக்கா (அண்ணன்) சொன்னதுதான் எங்களுக்கும் பிரச்சினை. நாங்கள் மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுத்துக் காயவைத்துச் சாக்கில் கட்டிக் கொடுக்கிறோம். வாங்குகிறவர் சாக்குக்கு இவ்வளவு என்று ஒரே கழிவைத் தராசில் எண்ணாகவே அடித்து வைத்துவிடுகிறார். சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் சாக்கு நூறு கிராம் சுற்றித்தான். இரண்டுக்கும் ஒரே கழிவு போட்டால், பிளாஸ்டிக் சாக்கில் கொடுக்கிற பெண்களுக்கு ஒவ்வொரு சாக்கிலும் நஷ்டம். இதைத் தராசின் பிழை என்று சொல்ல முடியுமா?

தொண்டி இயற்பியல்

முடியாது அக்கா. தராசு சொன்னதைச் செய்கிறது. முன்கூட்டியே எண்ணாக அடிக்கும் டேருக்குப் பிழை வரம்பும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே பெட்டியையோ சாக்கையோ தராசு நிறுக்கவே இல்லை. ஒரு மனிதர் சொன்ன எண்ணைத்தான் கழிக்கிறது. அதனால் அந்த முறையை ஒப்புக்கொள்ளும் முன் வாங்குகிறவரிடம் காலிச் சாக்கை உங்கள் முன்னால் ஒருமுறை தட்டில் வைக்கச் சொல்லுங்கள். சணலுக்கு ஒரு எண், பிளாஸ்டிக்குக்கு ஒரு எண். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பாம்பன் நண்டுவலை

செய்துவிட்டோம். வியாபாரியும் நின்று பார்த்தார். கல்லுப்புப் பொட்டலம் வெறும் தட்டில் 2.005. காலிப் பெட்டி 2.150, அதை டேர் போட்டு வைத்தால் 2.005. பெட்டியும் சரக்கும் சேர்த்து 12 கிலோ இருக்கும்போது டேர் போட்டால், அப்போதும் 2.005. 20.3 கிலோவில் 1.970. 24 கிலோவில் 1.865. திரும்பத் திரும்பப் பார்த்தோம், மேலே போனால் குறைகிறது.

பெட்டியைத் தூக்கியபோது வந்த கழித்தல் எண் பெட்டியின் எடைதான், அதில் தப்பில்லை. கூடுதலாக எதையும் கழிக்கவில்லை.

ஏர்வாடி அலை

அப்போ திருட்டு இல்லையா அண்ணே?

தராசு பழுது, ராமநாதபுரம்

திருட்டாக இருந்தால் எண்கள் இப்படி ஒரு இடத்தில் சட்டென்று உடையாது. 12 கிலோவிலிருந்து 14 வரை பொட்டலத்தின் எடை முழுதாக வருகிறது. 24-லிருந்து 26-க்குப் போகும்போது 140 கிராம் குறைகிறது, அதாவது கிலோவுக்கு 70 கிராம். 20.3-ல் குறைந்தது 35 கிராம்தான். பொட்டலத்தின் கடைசி அரைக் கிலோவில் மட்டும் குறைவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். 22.3-லிருந்து அரைக் கிலோ கழித்தால் 21.8. ஏறத்தாழ அந்தப் பாரத்தில் தட்டு கீழே எதையோ தொடுகிறது. அதுவரை முழுப் பாரமும் லோட் செல்லுக்குப் போகிறது, அதற்கு மேல் ஒரு பங்கை அந்தப் பொருள் தாங்கிக்கொள்கிறது. 26 கிலோ நிற்கும்போது 21.8-க்கு மேலே 4.2 கிலோ. கிலோவுக்கு 70 கிராம் வீதம் போட்டால் 300 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. உங்கள் சந்தேகத்தோடு பொருந்துகிறது.

தட்டுக்கு அடியில் நாலு மூலையிலும், சில தராசில் நடுவிலும், பாரம் மிஞ்சினால் லோட் செல் உடையாமல் காக்க ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். அதற்கும் தட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளிதான். கரையில் இருக்கும் தராசில் அந்த இடைவெளியில் மணல், சிப்பித் தூள், நண்டுக்கால் துணுக்கு, உப்பு எல்லாம் சேர்ந்து இறுகிவிடும். பஜார் கடைத் தராசில் இது அபூர்வம். கடற்கரைத் தராசில் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

தட்டைத் தூக்கிப் பாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். லோட் செல்லைக் கையால் அழுத்தாதீர்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஈய முத்திரை இருக்கும் மூடியைத் தொடவே வேண்டாம். சுத்தம் செய்தும் குறைந்தால், போல்ட்டைத் திருகுவது பழுதுபார்க்கும் வேலை. அதற்கு உரிமம் உள்ளவரைக் கூப்பிட்டு, முடிந்ததும் மறுபடி முத்திரை வைக்க வேண்டும்.

உச்சிப்புளி மளிகை

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். என் கேள்வி சின்னது. கிண்ணத்தை டேர் போட்டு மிளகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் தராசு 0.000-லேயே நிற்கிறது. கையால் ஒரு பிடி போட்டால் உடனே காட்டுகிறது. இதுவும் கோளாறா?

தொண்டி இயற்பியல்

கோளாறு இல்லை. தானாகப் பூஜ்யத்தைப் பிடித்து வைக்கும் வசதி. வெப்பநிலையாலோ தட்டில் படியும் தூசியாலோ பூஜ்யம் மெல்ல நகர்ந்தால், தராசு தானே திருத்திக்கொள்ளும். டேர் போட்ட பூஜ்யத்திலும் இது வேலை செய்யும். நொடிக்கு அரைப் படிக்குள் மெதுவாக ஏறினால், அதைத் தராசு சரக்கு என்று நினைக்காமல் நகர்வு என்று நினைத்துவிடும். 5 கிராம் படி உள்ள தராசில் நொடிக்கு இரண்டு கிராம் தூவினால் இப்படி ஆகும். பொருளைத் தனியாக எடுத்து ஒரே மூச்சில் போடுங்கள். எண் பூஜ்யத்தை விட்டு நகர்ந்துவிட்டால் இந்த வசதி நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் பரவாயில்லை. 100 கிராமுக்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்காதீர்கள், தகட்டில் மின் என்று போட்டிருப்பது அதற்காகத்தான்.

நண்டு நிறுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஈரப் பெட்டியை டேர் போட்டுவிட்டு அப்படியே விட்டால் நீர் வடிந்துகொண்டே இருக்கும், திரையில் 0.000 அசையாது. அதனால் வடியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நண்டு விழுந்த பிறகு வடிவதைத் தராசு ஈடுகட்டாது, அது உங்கள் எடையிலிருந்து போகும்.

மண்டபம் பாசி

வெயிலில் வைத்த தராசு?

தராசு பழுது, ராமநாதபுரம்

தகட்டில் வேறு அளவு போடவில்லை என்றால் மைனஸ் 10 முதல் 40 டிகிரி வரைதான் அந்தத் தராசுக்கு உத்தரவாதம். சித்திரை வெயிலில் மணலில் வைத்த தராசு அதைத் தாண்டிவிடும். 5 டிகிரி மாறினால் பூஜ்யம் ஒரு ஈ வரை நகரலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரு தடவை டேர் போட்டு மதியம் வரை அதிலேயே நிறுத்தால் அந்த நகர்வு நேராக நிகர எடையில் விழும். நிழலில் வையுங்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக டேர் போடுங்கள்.

தொண்டி இயற்பியல்

5 கிராமுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு முறை. முத்திரை ஆய்வின்போது செய்வது. டேர் போட்ட பெட்டியில் 2 கிலோ சோதனை எடைக்கல்லை வையுங்கள். திரை 2.000 காட்டட்டும். நகைக்கடையில் இருக்கும் அரைக் கிராம் எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மூன்றாவது வைத்ததும், அதாவது 1.5 கிராமில், எண் 2.005-க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். காட்டிய 2.000-உடன் அரைப்படியான 2.5 கிராமைக் கூட்டி, சேர்த்த 1.5 கிராமைக் கழித்தால் 2.001. தராசு 1 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, வரம்புக்குள்தான். பெட்டியில்லாமல் ஒரு தடவை, பெட்டியோடு ஒரு தடவை செய்து இரண்டையும் ஒப்பிட்டால் டேரின் துல்லியம் தெரிந்துவிடும். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் ஆசையோடு செய்கிறார்கள். கரையில் காற்றில் இது நடக்காது.

பாம்பன் நண்டுவலை

தட்டைத் தூக்கினோம். மெக்கானிக் அண்ணன் சொன்ன அதே இடம். ஒரு மூலை போல்ட்டின் தலையில் உப்பும் மணலும் சேர்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது, பக்கத்தில் சிப்பித் துண்டு. பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு மறுபடி சோதித்தோம். 12 கிலோ, 20, 24, 26 எல்லாவற்றிலும் பொட்டலம் 2.005. வியாபாரி நேற்று வரை நிறுத்த கணக்கைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார், அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் வாரத்தில் ஒரு நாள் பொட்டலம் வைத்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். உப்புப் பொட்டலத்தை அவர் கொட்டகையிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

இப்போது மிச்சம் இருப்பது நீர்தான். நண்டை அவர்கள் பெட்டிக்கு மாற்றிய பிறகு எங்கள் காலிப் பெட்டியை மறுபடி தட்டில் வைத்தால் 0.000 வருவதில்லை. சில நேரம் மைனஸ் 40 கிராம், சில நேரம் பிளஸ் 60. இதை எப்படிக் கணக்குப் பண்ணுவது?

கீழக்கரை கருவாட்டுக்கடை

மைனஸ் வந்தால் பெட்டியை ஈரமாக டேர் போட்டிருக்கிறீர்கள், நிறுக்கும்போது நீர் தட்டுக்கு வெளியே சொட்டியிருக்கிறது, அந்த 40 கிராம் உங்களுக்கு நஷ்டம். பிளஸ் வந்தால் நண்டின் நீர் பெட்டியில் தங்கியிருக்கிறது, அதற்கு வாங்குகிறவர் காசு கொடுத்திருக்கிறார். இரண்டையும் அந்தந்தப் பெட்டியிலேயே திருத்திக்கொள்வதுதான் நியாயம் தம்பி. எங்கள் கடையில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாம்பன் நண்டுவலை

காக்கா, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு தடவை நிறுத்தால் வரிசை நகராது. விடிகாலையில் படகெல்லாம் ஒன்றாக வந்து சேர்கிறது.

தராசு பழுது, ராமநாதபுரம்

அப்படியென்றால் அடியில் ஓட்டை உள்ள பெட்டிகளை மட்டும் எடைக்கு வையுங்கள். கடலில் அலசியதும் பெட்டியைக் கவிழ்த்து வைத்து நீரை வடியவிட்டு, பிறகு டேர் போடுங்கள். நண்டையும் கூடையில் வடியவிட்டுக் கொட்டுங்கள். தட்டுக்கு மேல் விளிம்பு உயர்ந்த ஒரு தாம்பாளத்தை வைத்து, அதையும் பெட்டியோடு சேர்த்து டேர் போட்டால் சொட்டுகிற நீர் தராசை விட்டுப் போகாது, எடை மாறாது. தாம்பாளத்தின் எடையும் 30 கிலோவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். பெட்டி 2.150, தாம்பாளம் ஒரு கிலோ என்றால் நிகரமாக 26.850-க்கு மேல் வைக்க முடியாது.

இன்னொன்று. முத்திரையின் தேதியைப் பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதம்தான், இரும்பு எடைக்கல்லுக்குத்தான் 24. ஆய்வாளர் வரும்போது பெட்டியோடு மேல் எடையிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பாம்பன் நண்டுவலை

தாம்பாள யோசனை நன்றாக இருக்கிறது அண்ணே. அலுமினியம் எடுத்தால் உப்பில் அரிக்குமா, ஸ்டீல் நல்லதா?

தராசு பழுது, ராமநாதபுரம்

ஸ்டீல் எடுங்கள். அடிப்பாகம் தட்டுக்கு வெளியே நீட்டி உடம்புப் பகுதியைத் தொடாத அளவில் பாருங்கள். தொட்டால் மறுபடி அதே வியாதி. வாங்கி வைத்ததும் பொட்டலத்தைப் போட்டு ஒருமுறை 26 வரை பார்த்துவிடுங்கள்.